முழுக்கைச் சட்டைக்குள் இருந்த வளவி

நான் சினிமாவில் நடித்தவள். சிரிக்காதீர்கள். முழு ஆளாக அல்ல, முழங்கைக்குக் கீழே மட்டும். அதுவும் ஓர் ஆண்பிள்ளையின் கையாக. எழுபதுகளின் கடைசியில் என் அண்ணன் எடுத்த படம் அது. குறும்படம் என்ற சொல்லை எங்கள் பக்கம் அப்போது யாரும் கேட்டதில்லை. "இத்துனூண்டு சினிமா" என்றுதான் அப்பா சொல்வார்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவன் அல்ல, பெரியப்பா மகன். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் எங்கள் தோட்டம். எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே களத்தைப் பார்த்து நின்றன. கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்தவன், படித்ததற்குச் சம்பந்தமே இல்லாமல் சினிமாப் பைத்தியம் பிடித்துத் திரும்பி வந்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த சிநேகிதன் கொடுத்தது என்று, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு காமிரா அவனிடம் இருந்தது. அதில் போடுகிற ஃபிலிம் டப்பா ஒன்று மூன்று நிமிஷம்தான் ஓடும். சத்தம் பதியாது. எடுத்ததைப் பம்பாய்க்குத் தபாலில் அனுப்பிக் கழுவி வாங்க வேண்டும். வருவது ஒரே பிரதி. வெட்டுவதும் ஒட்டுவதும் அதிலேயேதான்.

கதை என்ன என்று அப்பா கேட்டார். ஒரு சின்ன வயசு ஓவியன். நன்றாக வரைகிறவன், ஆனால் தான் வரைந்ததைத் தானே நம்பாதவன். வரைகிறான், தள்ளி நின்று பார்க்கிறான், அழிக்கிறான், மறுபடி வரைகிறான். கடைசியில் இருப்பதிலேயே நல்ல படத்தைத் தன் கையாலேயே கிழித்துப் போடுகிறான்.

"சண்டை?"

"இல்லீங்க சித்தப்பா."

"பாட்டு?"

"சத்தமே வராதுங்க."

"பொறவு என்னத்துக்குடா எடுக்கற?" என்று கேட்டுவிட்டு அப்பா மோட்டார் போடக் கிணற்றுக்குப் போய்விட்டார்.

ஓவியனாக நடித்தவன் அண்ணனோடு படித்த குமாரபாளையத்துப் பையன், தறிக்காரக் குடும்பம். பார்த்தாலே சோறு போட்டு அனுப்பலாம் என்று தோன்றுகிற பாவமான நீள முகம். முகத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பென்சிலைக் கொடுத்தால் மம்மட்டியைப் பிடிப்பதுபோல் பிடித்தான். எத்தனை சொல்லிக் கொடுத்தும் விரல் வளையவில்லை. முகத்துக்கு அவன், கைக்கு வேறு ஆள் என்று அண்ணன் முடிவு செய்தான். வேறு ஆள் யார்? களத்தைத் தாண்டினால் நான் இருந்தேன்.

அப்போது நான் பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் இருந்தேன். டிராயிங் பரீட்சையில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். எனக்கு மெட்ராசுக்குப் போய் ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும். சாப்பிடும்போதும் அதே நினைப்பு, சாணி வழிக்கும்போதும் அதே நினைப்பு. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அழுது அடம்பிடித்து ஒருநாள் அப்பாவிடம் கேட்டேவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்றைக்கு அவர்மேல் பழி போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது சாமி. இந்தத் தொழில் படிச்ச பெரியவங்க ஒருத்தரு, இந்தப் புள்ளைக்குக் கை இருக்குதுன்னு சொல்லட்டும். நானே கூட்டிட்டுப் போயி உட்டுட்டு வாரேன்" என்றார்.

சொன்னால் சொன்னபடி செய்கிற மனிதர். ஒருத்தர், ஒரு வார்த்தை. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் எங்கள் ஊரில் அப்படிப்பட்ட பெரியவரை எங்கே போய்ப் பிடிப்பது?

அந்தச் சமயத்தில்தான் அம்மாவை வரைந்தேன். கிழங்கு பிடுங்கும் காலம். குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, வண்டி வண்டியாக ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஆட்களுக்குச் சோறாக்கிப் போட்டுவிட்டு, மத்தியானம் ஆட்டுக்கல் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள் அம்மா. உட்கார்ந்தவள் அப்படியே உறங்கிப்போனாள். ஒரு கால் நீட்டியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் கரண்டி. நான் பெரிய தாளை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்து, பென்சிலும் கரியுமாக, அவள் எழுந்திருப்பதற்குள் வரைந்து முடித்தேன். என் வாழ்க்கையில் கை தானாக ஓடியது அன்றைக்கு மட்டும்தான். எங்கேயும் அழிக்கவில்லை.

எழுந்தவளிடம் ஆசையாகக் காட்டினேன். அம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

"அய்யோ சாமி, இதென்ன? நம்ம அப்பாருவாட்ட இருக்குது!"

அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா. அவர் இறந்தபோது வழக்கப்படி நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, தாடையைத் துணியால் கட்டிப் படம் பிடித்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோது அவருக்கு ஒரு படமும் கிடையாது. கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற அந்தப் படம்தான் வீட்டு ஆசாரத்தில், முன்கூடத்துச் சுவரில், தொங்கியது. எங்கள் பக்கம் பல வீட்டில் இப்படித்தான். கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம் இருந்தால், அது செத்தவர் படம். வேறு மாதிரி நினைக்க எங்களுக்குத் தெரியாது.

"உசிரோட இருக்கறவளைப் பொணமாட்ட வரைஞ்சு வெச்சிருக்கற. இதை ஊட்டுல வெக்காத. ஆருகிட்டயும் காட்டாத கண்ணு" என்றாள்.

கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னாள். நான்தான் அதை மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டேன். தூங்குகிறவளை வரைந்தால் பிணமாகத் தெரிகிறது என்றால் எனக்கு என்ன கை இருக்கிறது? பரீட்சைக்கு வரைந்த பூச்சாடி ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் அளந்து வைத்தாற்போல் இருக்கும். வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் மெச்சினார்கள். அம்மாவின் படத்தைச் சுருட்டி, பெரியப்பா வீட்டு அறையில் அடுக்கியிருந்த கிழங்கு மாவு மூட்டைகளுக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

அண்ணன் கை கேட்டு வந்தபோது அம்மா இரண்டு நிபந்தனை போட்டாள். ஒன்று, பெண்பிள்ளையின் கை என்று வெளியே ஒரு ஆளுக்கும் தெரியக் கூடாது. மாப்பிள்ளை பார்க்கிற வீடு. இரண்டாவது, வளவியைக் கழற்றக் கூடாது. எங்கள் ஊரில் வளையல்காரர்கூடப் பழைய வளவியில் ஒன்றை விட்டு வைத்துத்தான் புது வளவியை ஏற்றுவார். ஒரு நிமிஷம்கூட மொட்டைக் கையாக இருக்கக் கூடாது.

"ஆம்பளைக் கையில வளவி இருந்தா நல்லாருக்குமாங்க சின்னம்மா?" என்று அண்ணன் கெஞ்சினான்.

"உன்ற சினிமாவுக்கு என்ற புள்ளை மொட்டைக் கையா நிக்கோணுமா? போடா, பெரிய ஆளு."

கடைசியில் வழி கண்டுபிடித்தவளும் அம்மாதான். அண்ணனுடைய முழுக்கைச் சட்டையை எனக்குப் போட்டுவிட்டாள். கண்ணாடி வளவிகளை முழங்கைவரை ஏற்றி, நழுவாமல் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டி, சட்டைக் கையை இழுத்துவிட்டாள். மணிக்கட்டுக்குக் கீழே பார்த்தால் ஆண்பிள்ளை. கை மரத்துப்போய் ஊசி குத்துவதுபோல் இருந்தது.

மாவு மூட்டை அறையில்தான் படப்பிடிப்பு. வெளிச்சம் போதாது என்று கூரையில் நாலைந்து ஓடுகளைப் பிரித்துவிட்டான் அண்ணன். "மழை வந்தா மாவெல்லாம் கூழாப் போகுமடா" என்று பெரியம்மா வெளியிலிருந்து வைதுகொண்டே இருந்தாள். மேலேயிருந்து இறங்கிய வெயிலில் நான் உட்கார்ந்து வரைந்தேன், அழித்தேன். அந்தக் குமாரபாளையத்துப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, என் கை செய்வதற்கெல்லாம் முகத்தில் கவலை காட்டினான். எனக்குச் சிரிப்பாக வரும். உண்மையில் கவலைப்பட வேண்டியவள் சிரித்துக்கொண்டிருந்தேன், ஒரு கவலையும் இல்லாதவன் உருகிக்கொண்டிருந்தான்.

கடைசிக் காட்சிக்குக் கிழிக்க ஒரு படம் வேண்டும் என்றான். பூச்சாடியைக் கொண்டுபோனேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. மூட்டைக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்ததை அவனே இழுத்துப் பிரித்தான். பிரித்தவன் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

"இதுதான்" என்றான். "ஆனா இதைக் கிழிக்க வேண்டாம் அம்மிணி. இதை முழுசாப் படம் எடுத்துக்கறேன். கிழிக்கறதுக்கு இதேமாதிரி இன்னொண்ணு வரைஞ்சு குடு. அசலு உன்கிட்டயே இருக்கட்டும்."

ஒரு நாள் பொறுத்திருந்தால் போதும். நகல் வரைய எனக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அட, இது கெடக்குது கழுதை. அம்மாளுக்கே புடிக்கல. இதையே கிழிச்சுடறேன், உனக்கும் வேலை முடியும்" என்றேன். ஏதோ கிழிப்பதற்கு என்னிடம் நூறு படம் இருப்பதுபோல ஒரு மிதப்பு. உள்ளே இருந்தது மிதப்பு இல்லை. நகல் வரைய உட்கார்ந்து, கை வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். முதல் தடவை நன்றாக வந்ததே தற்செயல்தான் என்று தெரிந்துபோய்விடுமே என்ற பயம்.

அண்ணன் இரண்டு தடவை கேட்டான். நான் சரி சரி என்றேன். வெயில் நகர்ந்துகொண்டிருந்தது, அவனுக்கும் அவசரம். படத்தை முழுசாகக் காமிராவில் எடுத்துக்கொண்டான். பிறகு என் கையை அதன்மேல் வைக்கச் சொன்னான். "ம்" என்றான். தாளின் மேல்விளிம்பைப் பிடித்து, அம்மாவின் நெற்றியிலிருந்து நீட்டிய கால்வரை ஒரே இழுப்பாக இழுத்தேன். அந்த இழுப்பில் கைக்குட்டை அவிழ்ந்து, வளவிகள் சட்டைக்குள்ளேயே சரிந்து, கலகலவென்று மணிக்கட்டில் வந்து விழுந்தன.

"போச்சு" என்றான் அண்ணன்.

மறுபடி எடுக்கக் கிழிக்காத படம் வேண்டுமே. அதுதான் இரண்டாகக் கையில் இருந்ததே. வெளியே வந்ததும் அம்மா கேட்டாள், கிழித்தாயிற்றா என்று. கிழித்தாயிற்று என்றேன். "நல்லதாப் போச்சு, பீடை ஒழிஞ்சுது" என்று இரண்டு துண்டையும் வாங்கி வெந்நீர் அடுப்பில் போட்டாள். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அழவெல்லாம் இல்லை.

பம்பாயிலிருந்து ஃபிலிம் வந்தது. ஆண்பிள்ளைக் கையில் வளவி விழுகிற காட்சியை அண்ணன் வேறு வழியில்லாமல் வெட்டிவிட்டான். படத்தின் முடிவே மாறிப்போயிற்று. ஓவியன் கிழிக்கப் போகிறான், கை படத்தின்மேல் வந்து நிற்கிறது, அதோடு முடிந்துவிடும். கிழித்தானா இல்லையா என்று தெரியாது. தெரியாது என்ன, கிழிக்கவில்லை என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

சேலத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் படத்தைப் போட்டார்கள். அண்ணனுடைய சினிமா சிநேகிதர்கள் ஏற்பாடு. அப்பாதான் என்னைப் பஸ்ஸில் கூட்டிப்போனார். என்னை ஹாலில் உட்கார வைத்துவிட்டு, மோட்டாருக்கு பெல்ட் வாங்கிவருகிறேன் என்று கடைவீதிக்குப் போனார். உள்ளே நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். பெண்கள் நாலே பேர். திரையில் என் கை வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றியது. கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தலையைக் குனிந்தவள், படம் முடியும்வரை நிமிரவே இல்லை. நான் வரைந்ததைத் திரையில் நான் பார்க்கவில்லை.

விளக்குப் போட்டதும் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறவர், ஏதோ விசேஷத்துக்குச் சேலம் வந்தவரை நண்பர்கள் கூட்டிவந்திருந்தார்கள். "நல்லவேளை, கிழிக்காம விட்டுட்டீங்க" என்றார் அண்ணனைப் பார்த்து. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"தூங்கற அம்மாவை வரைஞ்சது யாரு? எனக்கு அவரைப் பார்க்கணும். காலேஜ்ல சேரச் சொல்லணும்."

அப்பா கேட்ட ஒருத்தர். அப்பா கேட்ட வார்த்தை. இதோ ஆள் வந்து நிற்கிறார், நாலு வரிசைக்கு முன்னால். அண்ணன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை மீறமாட்டான். ஆனால் திரும்பி என்னைப் பார்த்தான். நீ எழுந்திரு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்தப் பார்வையிலேயே இருந்தது.

எனக்கு என்னென்னவோ ஓடியது. மரியாதைக்குச் சொல்கிறார். சினிமாவில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும், அசலைப் பார்த்தால் இப்படிச் சொல்லமாட்டார். அசல் எங்கே என்று கேட்டால் அடுப்பில் என்றா சொல்வது? இன்னொன்று வரை பார்க்கலாம் என்று இங்கேயே தாளைக் கொடுத்துவிட்டால்? பாவி, எழுந்து நின்று "நானுங்க" என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு இத்தனை யோசனை. நான் அண்ணனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று.

"எங்கூர்ல ஒருத்தருங்க. இப்ப வரையறதில்லீங்க" என்றான் அண்ணன்.

"அடடா" என்றார் அவர். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அண்ணன் வாயில் வந்தது பொய்தான். ஆனால் அன்றையிலிருந்து அது பொய்யாக இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா மடியில் பெல்ட்டை வைத்துக்கொண்டு கேட்டார். "ஆராச்சும் எதாச்சும் சொன்னாங்களா சாமி?"

"ஒண்ணும் சொல்லலீங்கப்பா" என்றேன்.

அவர் பெல்ட்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். பிறகு, "சரி உடு" என்று என் தலையைத் தடவிவிட்டார்.

அடுத்த தையில் கல்யாணம். திருச்செங்கோட்டுக்காரர், ரிக் வண்டி வைத்து ஆழ்குழாய்க் கிணறு போடுகிறவர். வண்டியோடு ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். நல்ல மனுஷர். வெடுக்கென்று பேசுவார், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டார். வாசலில் கோலம் போடுவேன். அது தவிர ஒரு கோடு இழுக்கவில்லை. ஆசை வரும்போதெல்லாம், அந்தப் படம் அப்படியொன்றும் பிரமாதமில்லை, பிணம் மாதிரிதான் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அப்படிச் சொல்லிக்கொண்டால் வலி குறைந்தது. எத்தனையோ வருஷம் அதை வைத்துத்தான் ஓட்டினேன்.

இடையில் அம்மா போய்விட்டாள். நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, படம் பிடித்தார்கள். அது அப்பாரு படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. நான் அதைப் பார்ப்பதைத் தவிர்த்துவிடுவேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கல்யாண வீடியோ எடுக்கிற கடையில் சொல்லி, பழைய ஃபிலிமைச் சுவரில் ஓட்டி, அதை வீடியோ கேசட்டில் ஏற்றியிருந்தான். என் வீட்டுக்காரர் ஊரில் இருந்த சமயம். அவர்தான் உற்சாகமாக டெக் வாடகைக்கு எடுத்துவந்து டிவியில் மாட்டினார்.

"மச்சான் படம் எடுத்தாருன்னு கேள்விப்பட்டிருக்கறேன். போடுங்க பாக்கலாம்" என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

குமாரபாளையத்துப் பையன் உருகினான். என் கை வரைந்தது, அழித்தது. இந்தத் தடவை நான் தலையைக் குனியவில்லை. திரை முழுக்க அந்தப் படம் வந்தது.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நாற்காலிப் படத்தில் இருக்கிற அம்மா அல்ல. மூச்சு விடுகிற அம்மா. பக்கத்தில் யாராவது கரண்டியைக் கீழே போட்டால் "என்ன சாமி" என்று எழுந்துவிடுவாள். நீட்டிய காலில் அலுப்பு தெரிந்தது.

என் வீட்டுக்காரர் முன்னால் சாய்ந்தார். "அட, அத்தை!" என்றார். பிறகு, எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தணித்து, "அசந்து தூங்கறாங்க பாரு" என்றார். ஓவியம் கீவியம் ஒன்றும் தெரியாத மனுஷர். "ஆருங்க மச்சான் இதை வரைஞ்சது?"

அண்ணன் அன்றைக்குப் பார்த்ததுபோலவே என்னைப் பார்த்தான். அதற்குள் கை திரைக்குள் வந்துவிட்டது. இந்த இடத்தில் படம் முடிய வேண்டும். முடியவில்லை. வெட்டியெறிந்த துண்டைப் பத்திரமாக வைத்திருந்து மறுபடி சேர்த்து ஒட்டியிருக்கிறான் அண்ணன், எனக்குச் சொல்லவில்லை. கை தாளின் விளிம்பைப் பிடித்தது. அம்மாவின் நெற்றியிலிருந்து கால்வரை ஒரே இழுப்பு. சட்டைக்குள்ளிருந்து வளவிகள் வந்து விழுந்தன. சத்தமில்லாமல்.

என் வீட்டுக்காரர் திரையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"நீயா புள்ள?"

"ஆமாங்க."

"பொறவு ஏன் புள்ள கிழிச்சுப்போட்ட?"

டிவியில் புள்ளி புள்ளியாகப் பொரிந்துகொண்டிருந்தது. அண்ணன் எழுந்து போய் அணைத்தான்.

"நல்லாருக்குதுன்னு எனக்குத் தெரியலீங்க" என்றேன்.